ஆட்குறைப்புக் கடிதம் கைக்கு வந்தால்: பினாங்குத் தொழிலாளிக்கு ஒரு வழிகாட்டி

பிறை தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் பல ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்தேன். ஆட்குறைப்புக் கடிதங்களைத் தட்டச்சு செய்து உறையில் போட்டுக் கொடுத்தவன் நான். கடைசியில் ஒரு நாள் அதே மாதிரி உறை என் பெயருக்கும் வந்தது. எங்களை ஒவ்வொருவராகக் கூட்ட அறைக்குள் அழைத்தார்கள். மேசை மேல் இரண்டு தாள்கள் ஒன்றன் கீழ் ஒன்றாகக் கிளிப் போட்டு வைக்கப்பட்டிருந்தன. இரண்டிலும் கையெழுத்திட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு குறி. எனக்கு முன்னால் உள்ளே போய் வந்த பையன், "அண்ணே, ரெண்டுலயும் சைன் வச்சாத்தான் செக் கொடுப்பாங்களாம்" என்றான். "கீழ இருந்தது என்னன்னு படிச்சியா தம்பி?" என்று கேட்டேன். அவன் படிக்கவில்லை. மேல்தாள் ஆட்குறைப்புக் கடிதம். கீழ்த்தாள், சொந்தக் காரணங்களுக்காக வேலையை விட்டு விலகிக்கொள்வதாக அவனே எழுதிக் கொடுத்தது போல அச்சடிக்கப்பட்ட, தேதி போடாத விலகல் கடிதம்.

அந்தக் கீழ்த்தாளைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். ஏனென்றால் தீபகற்ப மலேசியாவின் சட்டத்தில் ஆட்குறைப்புக்கு இழப்பீடு உண்டு, தானாக விலகியவருக்கு இல்லை. வேலை இழந்தோருக்கு, சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோ தரும் உதவித்தொகையும் தானாக விலகியவருக்குக் கிடைக்காது. ஒரே கையெழுத்தில் இரண்டு உரிமைகளும் கைவிட்டுப் போகக்கூடும். கட்டாயப்படுத்தி வாங்கிய விலகல் கடிதத்தைத் தொழிலியல் நீதிமன்றம் பணிநீக்கமாகவே கருத முடியும் என்பது உண்மைதான். ஆனால் கட்டாயப்படுத்தினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் அப்போது உங்கள் தலையில் விழுகிறது. ஆகவே கடிதம் கிடைத்த அன்று செய்ய வேண்டிய முதல் காரியம் எதிலும் அவசரமாகக் கையெழுத்திடாமல், தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்வதுதான். பெற்றுக்கொண்டதற்கு மட்டும் கையெழுத்து வேண்டும் என்று வற்புறுத்தினால், பெயருக்குப் பக்கத்தில் 'பெற்றுக்கொண்டேன், உள்ளடக்கத்தை ஏற்கவில்லை' என்று எழுதித் தேதியும் போட்டுவிடுங்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோதான் எழுத வேண்டும் என்றில்லை, ஆனால் பிறகு அதிகாரி படிப்பதற்கு மலாயில் எழுதுவது வசதி. கைத்தொலைபேசியில் எல்லாத் தாள்களையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

உறைக்குள் இருப்பது எத்தனை வகைப் பணம்

வேலை போகும்போது வரும் தொகையை எல்லாரும் பொதுவாக 'நட்ட ஈடு' என்று சொல்லிவிடுகிறோம். நிறுவனங்களும் ஒரே வரியில் ஒரு மொத்தத் தொகையைக் காட்டிவிடுகின்றன. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. முன்னறிவிப்புக் காலத்துக்கான சம்பளம் வேறு. சேவைக் காலத்துக்குச் சட்டம் விதித்திருக்கும் ஆட்குறைப்பு இழப்பீடு வேறு. பெர்கேசோவிடமிருந்து வரும் வேலைக் காப்புறுதிப் பணம் வேறு. கடைசி மாதச் சம்பளம், எடுக்காத வருடாந்திர விடுப்புக்கான தொகை ஆகியவை இவற்றுக்கும் மேலே. ஒன்றைக் கொடுத்துவிட்டதால் மற்றொன்று கழிந்துபோவதில்லை. "இரண்டு மாதச் சம்பளம் கொடுத்துவிட்டோமே" என்று நிறுவனம் சொன்னால், அது முன்னறிவிப்புக்கா இழப்பீட்டுக்கா என்று எழுத்தில் கேளுங்கள். இழப்பீட்டுத் தொகை எவ்வாறு கணக்கிடப்பட்டது என்பதை எழுத்து மூலம் தருவது முதலாளியின் கடமை என்று 1980 ஆம் ஆண்டின் வேலை முடிவு மற்றும் தற்காலிக வேலை நிறுத்தப் பயன்கள் விதிமுறைகளே சொல்கின்றன.

முன்னறிவிப்பைப் பொறுத்தவரை 1955 வேலைச் சட்டம் ஒரு குறைந்தபட்ச அளவை வைத்திருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவான சேவைக்கு 4 வாரம், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் 6 வாரம், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் 8 வாரம். உங்கள் வேலை ஒப்பந்தத்தில் ஒரு மாத முன்னறிவிப்பு என்று எழுதியிருந்தாலும், ஆட்குறைப்பு என்று வரும்போது இந்த அளவுக்குக் குறைய முடியாது. நான் பார்த்தவரை அதிகம் தவறுகிற இடம் இதுதான். பழைய ஒப்பந்த வாசகத்தைப் பார்த்து நான்கு வாரக் கடிதம் கொடுத்துவிடுகிறார்கள், பத்து வருடம் வேலை செய்தவரும் அதை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். குறைந்த வாரங்களுக்கு ஈடான சம்பளத்தைக் கேட்டு வாங்கலாம்.

யாருக்கு இழப்பீடு உண்டு

தொடர்ச்சியாகப் பன்னிரண்டு மாதங்கள் வேலை செய்திருக்க வேண்டும். 'தொடர்ச்சி' என்ற சொல்லைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தம் புதுப்பித்து, இடையில் சில நாள் இடைவெளி விட்டு மீண்டும் எடுத்திருந்தாலும், அந்த இடைவெளிகள் எல்லாம் சேர்ந்து 30 நாளைத் தாண்டாவிட்டால் காலம் ஒன்றாகக் கூட்டப்படும்.

அடுத்தது சம்பள எல்லை. 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டம் எல்லாத் தொழிலாளர்களுக்கும் பொருந்தும் என்றாலும், இந்த இழப்பீட்டுப் பகுதி மட்டும் மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டாதவர்களுக்கே சட்டப்படி கட்டாயம். எல்லையைப் பார்க்கும்போது ஓவர்டைமும் கமிஷனும் சேராது. அதனால் ஓவர்டைமோடு 4,300 வாங்கியவர், அடிப்படைச் சம்பளம் 3,200 என்றால், உள்ளேதான் இருக்கிறார். உடலுழைப்பு வேலை செய்பவர்கள், அவர்களை மேற்பார்வையிடுபவர்கள், வாகனம் ஓட்டுபவர்கள் ஆகியோருக்கு இந்தச் சம்பள எல்லையே கிடையாது. எல்லைக்கு மேலே இருக்கும் அலுவலக ஊழியர் தமது வேலை ஒப்பந்தத்தையும், தொழிற்சங்கக் கூட்டு ஒப்பந்தம் இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். அவற்றில் எழுதியிருப்பது சட்டத்தின் அளவைவிடக் கூடுதலாகவே இருக்கலாம். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும் என்பதை, பக்கத்து இயந்திரத்தில் நின்ற தமிழ்நாட்டுப் பையனுக்கும் சொல்லிவிடுங்கள். சபா, சரவாக்கில் வேலை செய்தவர்களுக்குத் தனிச் சட்டங்கள்; இங்கே எழுதியது தீபகற்பத்துக்கு.

ஓய்வு வயதில் முடிகிற வேலைக்கும், முறையான விசாரணைக்குப் பின் ஒழுங்குத் தவறுக்காக நீக்கப்பட்டவருக்கும் இது கிடையாது. முன்னறிவிப்புக் காலத்தில் முதலாளியின் சம்மதம் இல்லாமல் பாதியிலேயே வேறு வேலைக்குப் போய்விட்டாலும் இழப்பீடு போய்விடும். புது இடத்தில் நாளைக்கே வரச்சொன்னார்கள் என்று ஓடுபவர்கள் எழுத்தில் அனுமதி கேட்டுவிட்டு ஓட வேண்டும். அதே நிறுவனம் முன்பிருந்ததற்குக் குறையாத நிபந்தனைகளில் வேலையைத் தொடரச் சொல்லி, தகுந்த காரணம் இல்லாமல் நீங்கள் மறுத்தாலும் இழப்பீடு இல்லை. கம்பெனி கைமாறும்போதும் இதே கதைதான்: புது முதலாளி ஏழு நாளுக்குள் குறையாத நிபந்தனையில் அழைக்க வேண்டும், அழைக்காவிட்டால் பழைய முதலாளியே இழப்பீடு கொடுக்க வேண்டும். தோட்டம் விற்கப்பட்டு ஆட்கள் சிதறிய குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு இந்த விதியின் அருமை புரியும்.

கணக்கு

இரண்டு ஆண்டுகளுக்குக் குறைவான சேவைக்கு ஆண்டொன்றுக்கு 10 நாள் சம்பளம். இரண்டிலிருந்து ஐந்துக்குள் 15 நாள். ஐந்தும் அதற்கு மேலும் 20 நாள். முழுமையாகாத ஆண்டுக்கு, கிட்டத்தட்ட எத்தனை மாதமோ அந்த விகிதத்தில். ஏழு வருடம் வேலை செய்தவருக்கு முதல் இரண்டு வருடத்துக்குப் பத்து நாள், அடுத்ததுக்குப் பதினைந்து நாள் என்று பிரித்துப் போடுகிற தவறான கணக்கை நானே ஒரு மேலாளரின் தாளில் பார்த்திருக்கிறேன். அப்படியில்லை. மொத்தச் சேவை எந்தப் படியில் விழுகிறதோ அந்தப் படியின் நாள்தான் எல்லா ஆண்டுகளுக்கும்.

ஒரு நாள் சம்பளம் என்பது, வேலை முடிவதற்கு முந்திய பன்னிரண்டு முழு மாதங்களில் வாங்கியதன் சராசரி. வேலைக்காகத் தரப்படும் ரொக்கம் எல்லாம் இதில் சேரும், ஓவர்டைமும் சேரும். ஆண்டு போனஸ், பயணப்படி, முதலாளி கட்டிய சேமநிதிப் பங்கு, வேலை நிமித்தம் நாம் செய்த செலவுக்குத் திருப்பித் தந்தது ஆகியவை சேராது. எல்லையைப் பார்க்கும்போது வெளியே நின்ற ஓவர்டைம், கணக்குப் போடும்போது உள்ளே வருவது பலருக்கும் வியப்பாக இருக்கும். இரண்டும் தொழிலாளிக்குச் சாதகமாகவே இருப்பதால் நினைவில் வைத்துக்கொள்வது எளிது.

ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இயந்திர ஆபரேட்டராக 2018 மார்ச் 3 ஆம் தேதி சேர்ந்த ஒரு பெண்ணுக்கு 2025 ஜூலை 3 ஆம் தேதி கடிதம் கொடுத்து, ஜூலை 31 கடைசி நாள் என்கிறார்கள். சேவை ஏழு ஆண்டு நான்கு மாதம், கூடவே ஏறக்குறைய இன்னொரு மாதம். எனவே 7 ஆண்டு 5 மாதம். 2024 ஆகஸ்டிலிருந்து 2025 ஜூலை வரை பன்னிரண்டு சம்பளச் சீட்டுகளையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாக அடுக்கி, போனஸையும் போக்குவரத்துப் படியையும் பென்சிலால் அடித்துவிட்டுக் கூட்டினால் 27,375 ரிங்கிட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 365 ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 75 ரிங்கிட். ஏழு ஆண்டுக்கு 140 நாள், அதாவது 10,500. ஐந்து மாதத்துக்கு இருபது நாளில் பன்னிரண்டில் ஐந்து பங்கு, அது 625. ஆக 11,125 ரிங்கிட் இழப்பீடு. இத்துடன் முடியவில்லை. ஏழு ஆண்டுச் சேவைக்கு 8 வார முன்னறிவிப்பு வேண்டும். ஜூலை 3 முதல் 31 வரை நான்கு வாரம்தான் கொடுத்திருக்கிறார்கள். மீதி நான்கு வாரச் சம்பளமும் பாக்கி. இழப்பீடு கடைசி நாளிலிருந்து ஏழு நாளுக்குள், அதாவது ஆகஸ்ட் 7 க்குள் கைக்கு வர வேண்டும்.

சம்பளச் சீட்டுகளைத் தூக்கி எறிந்துவிட்டவர்கள் வங்கிக் கணக்கு அறிக்கையை எடுங்கள். சேமநிதி அறிக்கையும் உதவும், ஆனால் ஒரு எச்சரிக்கை: ஓவர்டைமுக்குச் சேமநிதி பிடிப்பதில்லை, ஆகவே அதிலிருந்து திருப்பிக் கணக்கிட்டால் சம்பளம் குறைந்துதான் காட்டும். பெர்கேசோவுக்குப் போகும் சொக்சோ பிடித்தத்தில் ஓவர்டைமும் அடங்கும். சம்பளப் பிரிவில் இருந்தவன் என்பதால் இதைச் சொல்கிறேன். அதிகாரியின் முன்னால் உட்கார்ந்த பிறகு தெரிந்துகொள்வதைவிட முன்பே தெரிந்திருப்பது நல்லது.

மூன்று கதவுகள், வெவ்வேறு கெடுக்கள்

இழப்பீடோ முன்னறிவிப்புச் சம்பளமோ வரவில்லை, அல்லது குறைவாக வந்தது என்றால் போக வேண்டிய இடம் தொழிலாளர் இலாகா, மலாயில் ஜபாத்தான் தெனாகா கெர்ஜா. பினாங்குத் தீவில் வேலை செய்தவருக்கும் செபராங் பிறையில் வேலை செய்தவருக்கும், வேலை செய்த இடத்துக்குரிய அலுவலகம் எதுவோ அங்கே போவதே சரி. புகாருக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை. 'வொர்க்கிங் ஃபார் வொர்க்கர்ஸ்' என்ற இலாகாவின் செயலியிலும் புகார் செய்யலாம், ஆனால் முதல்முறை போகிறவர் நேரில் போவதே மேல் என்பது என் கருத்து. முகப்பில் இருப்பவர் இது பண விவகாரமா நீக்க விவகாரமா என்று கேட்டுச் சரியான படிவத்தைக் கொடுப்பார். அடையாள அட்டை, வேலை நியமனக் கடிதம், ஆட்குறைப்புக் கடிதம், சம்பளச் சீட்டுகள், நீங்களே போட்ட கணக்குத் தாள் ஆகியவற்றை இரண்டிரண்டு நகலாக எடுத்துப் போங்கள்.

நீங்கள் நீக்கப்பட்டதே நியாயமில்லை, ஆட்குறைப்பு என்பது வெறும் சாக்கு என்று நினைத்தால் கதவு வேறு. 1967 தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20 ஆவது பிரிவின் கீழ், தொழிலியல் உறவு இலாகாவில் மீண்டும் வேலையில் அமர்த்தக் கோரி மனு கொடுக்க வேண்டும். இதற்குச் சம்பள எல்லை கிடையாது, ஆனால் கெடு மிகக் கண்டிப்பானது: நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாள். முன்னறிவிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே கூடக் கொடுக்கலாம், முடிந்த பிறகு 60 நாளைத் தாண்டினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நம் மாதிரியில் ஜூலை 31 க்குப் பின் அறுபதாவது நாள் செப்டம்பர் 29. இடையில் வருகிற தேசிய தினம், மலேசிய தினம், வார இறுதி எல்லாம் அந்த அறுபதுக்குள்தான் எண்ணப்படும். முதலாளி பேசித் தீர்க்கலாம் என்று அழைத்துப் பேச்சை இழுத்துக்கொண்டே போவதும் இந்தக் கெடுவுக்காகத்தான் இருக்கும் என்று நான் சந்தேகப்படுவதுண்டு. பேச்சு நடந்தாலும் மனுவைக் கொடுத்துவிடுங்கள். உடன்பாடு வந்தால் பிறகு மீட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது கதவு பெர்கேசோ. 2018 ஜனவரியில் தொடங்கிய வேலைக் காப்புறுதித் திட்டத்தில், எஸ்.ஐ.பி. என்று சம்பளச் சீட்டில் சிறு தொகை பிடித்திருப்பார்கள். வேலை தேடும் காலத்தில் முதல் மாதம் கணக்கிடப்பட்ட சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றாவதும் நான்காவதும் 40, ஐந்தாவதும் ஆறாவதும் 30 என்று குறைந்துகொண்டே வரும்; இதற்கான சம்பள உச்சவரம்பு 2024 அக்டோபரிலிருந்து 6,000 ரிங்கிட். இதற்கும் கெடு 60 நாள். குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ளவர்களுக்கு மட்டும். இது முதலாளியின் பணமல்ல, வழக்கு நடக்கிறதா இல்லையா என்பதும் இதைத் தடுக்காது, ஆகவே மற்றதெல்லாம் என்ன ஆனாலும் இதைக் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

முதல் இரண்டு கதவுகளையும் ஒரே நேரத்தில் தட்டலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். தொழிலியல் உறவு இலாகாவிலோ தொழிலியல் நீதிமன்றத்திலோ நிலுவையில் இருக்கும் தகராற்றைத் தொழிலாளர் இலாகா விசாரிக்க முடியாது என்று வேலைச் சட்டமே சொல்கிறது. ஆகவே தொகைதான் குறை, ஆட்குறைப்பு உண்மையானதுதான் என்றால் தொழிலாளர் இலாகா. நீக்கமே பொய் என்று காட்டச் சான்று இருந்தால் 20 ஆவது பிரிவு. பணப் புகாரைச் சில ஆண்டுகள் கழித்தும் கொடுக்க இடமுண்டு, ஏனெனில் காலவரையறைச் சட்டத்தில் ஆறு ஆண்டுகள் இருக்கின்றன; அறுபது நாள் கதவு ஒருமுறை மூடினால் மூடியதுதான். முடிவெடுக்க முடியாமல் தவிப்பவர்கள் 60 நாளுக்குள் தங்கள் தொழிற்சங்கத்தையோ, வழக்கறிஞர் மன்றத்தின் பினாங்குச் சட்ட உதவி மையத்தையோ பார்த்துப் பேசிவிடட்டும்.

பொய்யான ஆட்குறைப்பை எப்படிக் கண்டுகொள்வது

ஆள் குறைக்கும் உரிமை முதலாளிக்கு உண்டு; அதை நீதிமன்றங்கள் மறுப்பதில்லை. ஆனால் அந்த வேலையே உண்மையில் தேவையற்றுப் போனதா என்பதை நிரூபிக்க வேண்டியவர் முதலாளிதான். உங்களை அனுப்பிய சில வாரத்தில் அதே வேலைக்கு ஆள் தேவை என்று விளம்பரம் வந்தால் அதைப் படம் எடுத்து, நாளும் நேரமும் தெரியும்படி வையுங்கள். அதே வேலையில் இருக்கும் வெளிநாட்டினரை வைத்துக்கொண்டு உள்நாட்டவரை அனுப்புவதை வேலைச் சட்டத்தின் 60N பிரிவு தடுக்கிறது. உள்நாட்டவருக்குள், கடைசியில் வந்தவர் முதலில் போக வேண்டும் என்பது பொதுவான நடைமுறை; அதை மீறினால் தகுந்த காரணத்தைக் காட்ட வேண்டும். 1975 தொழிலியல் நல்லிணக்க நடத்தை நெறி, ஆளைக் குறைக்கும் முன் புது ஆள் சேர்ப்பை நிறுத்துவது, ஓவர்டைமைக் குறைப்பது, வேறு பிரிவுக்கு மாற்றுவது, விரும்பி விலகுவோரைக் கேட்பது போன்றவற்றைச் செய்து பார்க்கச் சொல்கிறது. அது சட்டமல்ல, ஆனாலும் தொழிலியல் நீதிமன்றம் அதைக் கவனத்தில் கொள்ளும். ஆட்குறைப்புக்கு 30 நாளுக்கு முன்பே, அதைத் தெரிவிக்கும் பி.கே. படிவத்தைத் தொழிலாளர் இலாகாவுக்கு நிறுவனம் அனுப்பியிருக்க வேண்டும்; அனுப்பினார்களா என்று விசாரணையில் கேட்கலாம்.

இன்னொரு வழக்கமான வாதம், 'ஒப்பந்தம் முடிந்துவிட்டது, நீக்கவில்லை' என்பது. ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்ட ஒப்பந்தம் உண்மையில் குறித்த காலத்துக்கானதா, அல்லது நிரந்தர வேலைக்குப் போட்ட முகமூடியா என்பதைப் பார்க்க வேண்டும் என்று 2020 இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஏழெட்டு முறை புதுப்பித்த கடிதங்களை வைத்திருப்பவர்கள் அத்தனையையும் பத்திரப்படுத்துங்கள்.

விசாரணை நாள்

தொழிலாளர் இலாகாவில் விசாரணை நீதிமன்றம் போன்ற அறையில் நடக்கும், ஆனால் எளிமையாக இருக்கும். அதிகாரி முதலில் உங்களிடம் என்ன கேட்கிறீர்கள் என்று கேட்பார். ஒரே தாளில் தொகையையும் அது எப்படி வந்தது என்பதையும் எழுதி நீட்டுங்கள். மலாயில் சரளமாகப் பேச வராதவர்கள் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அன்று காலையில் சொன்னால் தேதி தள்ளிப்போகும். சுருக்கமாகவும் தேதி வாரியாகவும் பேசுங்கள். சூப்பர்வைசர் எப்படித் திட்டினார் என்ற கதை உண்மையாகவே இருந்தாலும், இழப்பீட்டுக் கணக்குக்கு அது வேண்டாம். முதலாளி வராமல் இருந்தால் அவர் இல்லாமலே முடிவெடுக்கலாம். உத்தரவு வந்தும் பணம் கட்டாவிட்டால், அந்த உத்தரவை மாஜிஸ்திரேட் அல்லது செஷன்ஸ் நீதிமன்றத்தில் பதிந்து, நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே நிறைவேற்ற வழி இருக்கிறது. உத்தரவில் திருப்தியில்லாதவர் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்யலாம்.

20 ஆவது பிரிவில் போனவர்களுக்கு முதலில் சமரசப் பேச்சு. இங்கே வழக்கறிஞர் வந்து அமர முடியாது. தொழிற்சங்க அதிகாரி உங்களுக்காகப் பேசலாம். ஒத்துவராவிட்டால் வழக்கு தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போகும். 2021 முதல் அமைச்சரின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை, இலாகாவின் தலைமை இயக்குநரே நேரடியாக அனுப்பிவிடுவார். பினாங்கிலேயே அந்த நீதிமன்றம் அமர்கிறது, கோலாலம்பூருக்கு ஓட வேண்டியதில்லை. வென்றால் மீண்டும் வேலை, அல்லது அதற்குப் பதிலாக இழப்பீடு. கூடவே அதிகபட்சம் 24 மாதம் வரை பின் சம்பளம். தகுதிகாண் காலத்தில் இருந்தவருக்கு இந்த உச்சம் 12 மாதம். இடையில் வேறு வேலைக்குப் போய்ச் சம்பாதித்தது கணக்கில் கழிக்கப்படலாம், அதற்காக வீட்டில் சும்மா உட்கார வேண்டியதில்லை.

சமரசத்தில் தொகைக்கு ஒத்துக்கொண்டால் எழுத்தில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். தவணை என்றால் ஒவ்வொரு தவணையின் தேதியும் இருக்க வேண்டும், 'விரைவில்' என்ற சொல் இருக்கக்கூடாது. 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வாசகத்துக்குள் சேமநிதிப் பாக்கியோ சொக்சோ பாக்கியோ அடங்கிவிடக்கூடாது. வேலைச் சட்டத்தின் குறைந்தபட்ச உரிமையைவிடக் கீழான ஒப்பந்த வாசகம் செல்லாது என்று அதே சட்டத்தின் 7 ஆவது பிரிவு சொல்லியிருப்பதால், முன்பே ஏதோ ஒரு தாளில் கையெழுத்திட்டுவிட்டவர்களும் நம்பிக்கை இழக்காமல் அதிகாரியிடம் அந்தத் தாளைக் காட்ட வேண்டும். என்னோடு வேலை செய்த அந்தப் பையன் அப்படித்தான் போனான். விலகல் கடிதமும் ஆட்குறைப்புக் கடிதமும் ஒரே தேதியில் ஒரே கூட்ட அறையில் கொடுக்கப்பட்டவை என்பதை மேல்தாளில் இருந்த கிளிப் தடமும், அவன் எடுத்து வைத்திருந்த படமும் காட்டின.

நிறுவனமே திவாலாகி மூடப்பட்டால், கலைப்பாளராக நியமிக்கப்பட்டவரிடம் உங்கள் தொகையை எழுத்தில் பதிவு செய்யுங்கள். சம்பள வகைப் பாக்கிகளுக்குச் சட்டத்தில் முன்னுரிமை உண்டு. பதிவே செய்யாதவருக்கு அந்த முன்னுரிமை பயன்படாது.

பணம் வந்த பிறகு ஒரு சிறு வேலை மிச்சம் இருக்கிறது. வேலை இழந்ததற்கான இழப்பீட்டில், முழுமையான ஒவ்வொரு சேவை ஆண்டுக்கும் 10,000 ரிங்கிட் வரை வருமான வரி இல்லை. நம் மாதிரிப் பெண்ணுக்கு ஏழு முழு ஆண்டுகள் என்பதால் 70,000 வரை விலக்கு, அவருடைய 11,125 முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். ஆனால் அடுத்த ஆண்டு வரிக் கணக்குக்காக நிறுவனம் தரும் சம்பள விவரத் தாளான இ.ஏ. படிவத்தில் அந்தத் தொகையைச் சம்பளக் கட்டத்துக்குள் போட்டுவிட்டால் வரி கணக்காகிவிடும். படிவம் கைக்கு வந்ததும் அந்தக் கட்டத்தைப் பாருங்கள். தவறாக இருந்தால் திருத்திய படிவத்தைக் கேட்டு வாங்கிய பிறகே வரி விவரத்தை அனுப்புங்கள்.